ஆகஸ்ட் முகாமில் ஒரு பிள்ளையை அளப்பது: கண்டி மைதானங்களிலிருந்து சில குறிப்புகள்

பாடசாலை விடுமுறை விட்டதும் கண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையாட்டு முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட்தான். பெருந்தொற்றுக்குப் பிறகு பரீட்சை அட்டவணைகள் குழம்பி விடுமுறைகளும் முன்பின்னாக நகர்கின்றன. ஆனாலும் எங்களிடையே ‘ஆகஸ்ட் முகாம்’ என்ற பேச்சு மாறவில்லை. கிரிக்கெட், றக்பி, ஹொக்கி, வலைப்பந்து என்று எதுவாகவும் இருக்கலாம். பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை பிள்ளைகள் வருவார்கள். சில முகாம்கள் மூன்று நாள், சில இரண்டு வாரம். கடைசி நாள் ஒரு பட்டியல் ஒட்டப்படும். அதில் பெயர் இருந்தால் அடுத்த கட்டப் பயிற்சி கிடைக்கும். சிலவேளை பெரிய பாடசாலையொன்றில் இடமும் விடுதியும் கிடைக்கும். பெயர் இல்லாத பிள்ளைகளில் பலர் அத்தோடு விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகக் கண்டி மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்தவன். பல முகாம்களில் குறிப்பேட்டோடு நின்றிருக்கிறேன்; சிலவற்றில் தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறேன். புசல்லாவையிலிருந்து வரும் தகப்பனும் வவுனியாவிலிருந்து தொலைபேசியில் பேசும் தாயும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: “எங்கட பிள்ளையில என்ன குறை கண்டவை?” இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முகாமில் எவற்றை அளக்கிறார்கள், எவை அந்த அளவுகோலில் சிக்குவதே இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலையில் உயரம், நிறை எடுப்பார்கள். பிறகு 30 மீற்றர் ஓட்டம். அதற்குப் பிறகு பீப் டெஸ்ட்: 20 மீற்றர் இடைவெளியில் ஒலிக்கு ஏற்ப ஓடித் திரும்பி, ஒலி வேகமாக வேகமாகத் தாக்குப்பிடிக்கும் சோதனை. பிற்பகலில் வலைப்பயிற்சி. கிரிக்கெட் முகாமென்றால் ஒரு பந்துவீச்சாளருக்கு ஆறு பந்து, அதிர்ஷ்டமிருந்தால் பன்னிரண்டு. துடுப்பாட்டக்காரருக்கு ஐந்து நிமிடம். எண்பது பிள்ளைகள், நான்கு பயிற்றுநர்கள், இரண்டு வலைகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையை ஒருவர் கவனித்துப் பார்க்கும் நேரம் பத்து நிமிடம்கூட வராது.

இந்த இலக்கங்களில் பல, பார்வைக்குத் தோன்றுமளவு உறுதியானவை அல்ல. நிறுத்தற்கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரத்துக்கும் மின்னணுக் கருவியின் நேரத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.24 செக்கன் வித்தியாசம் இருக்கும் என்பது மெய்வல்லுநர் போட்டிகளில் பழைய கணக்கு. 30 மீற்றர் ஓட்டத்தில் முதலாவது பிள்ளைக்கும் பதினைந்தாவது பிள்ளைக்கும் இடையே இருக்கும் தூரமே சிலவேளை அவ்வளவுதான். தூறல் விழுந்து புல் நனைந்திருந்தால், சப்பாத்து உள்ளவன் முன்னே வருவான், வெறுங்காலில் ஓடுபவன் பின்னே நிற்பான். தாளில் அது ‘வேகம்’ என்ற தலைப்பின் கீழ் பதிவாகும்.

வேகத்தையும் பலத்தையும் விடப் பெரிய குழப்பம் வயதில் இருக்கிறது. ஒரே வயதுப் பிரிவில் நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கிடையே பதினொரு மாத வித்தியாசம் இருக்கலாம். பன்னிரண்டு வயதில் பதினொரு மாதம் என்பது சிறிய காலமல்ல. இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த விளையாட்டு நம் நாட்டில் யாரும் ஆடாத ஒன்று: ஐஸ் ஹொக்கி. 1980களில் கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலுள்ள லெத்பிரிட்ஜ் நகரில் ஓர் இளையோர் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்த றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரிடம், கையிலிருந்த ஆட்ட நிரலைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டினார். வீரர்களின் பிறந்த திகதிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்கள் மிகுந்து கிடந்தன. பார்ன்ஸ்லி பிறகு கனடாவின் உயர்மட்ட இளையோர் அணிகளின் விபரங்களைத் திரட்டிப் பார்த்தார். வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினராக இருக்க வேண்டிய இடத்தில் 40 வீதம் அளவில் இருந்தார்கள். ஜனவரியில் பிறந்தால் திறமை கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கனடாவில் வயதுப் பிரிவின் வெட்டுத் திகதி ஜனவரி 1. ஒன்பது, பத்து வயதில் தேர்வு நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாக இருக்கிறார்கள். பெரிதாக இருப்பவர்களைத் தேர்ந்து, அவர்களுக்கு நல்ல பயிற்றுநரையும் கூடுதல் ஆட்டங்களையும் கொடுக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர்கள் உண்மையிலேயே மற்றவர்களை விஞ்சி நிற்கிறார்கள். தேர்வாளரும் தன் கண் தப்பவில்லை என்று நம்பிக்கொள்கிறார்.

ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஐஸ் மைதானத்துக்குக் கொண்டுபோகும் நம் உறவுகள் சிலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். அங்கே பணமும் கருவியும் ஆட்பலமும் உள்ள தொழில்முறைக் கழகங்களே தடுமாறுகின்றன. தேசிய ஹொக்கி லீக்கில் ஜூன் மாத அளவில் இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசைப்படி தெரிவு செய்யும். ஜூலையில் அவர்களுக்கு வளர்ச்சி முகாம் வைக்கும். டெட்ரொயிட் கழகம் 1998இல் தெரிவு செய்த பாவெல் டட்சியூக் அந்த வருட வரிசையில் 171ஆவது ஆள். அடுத்த வருடம் அதே கழகம் தெரிவு செய்த ஹென்றிக் செட்டர்பேர்க் 210ஆவது ஆள். இருவரும் உருவத்தில் சிறியவர்கள் என்று பேசப்பட்டவர்கள். 2008இல் அந்தக் கழகம் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது இறுதித் தொடர்களின் மிகச்சிறந்த வீரர் செட்டர்பேர்க். முழுநேரத் தேர்வாளர்களை உலகமெங்கும் அனுப்பும் கழகங்கள் எல்லாம் சேர்ந்து இருநூறு தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. நம் முகாமில் நான்கு பயிற்றுநர்கள் பத்து நிமிடத்தில் சொல்லும் தீர்ப்புக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறந்த மாதத்துக்கு மேல் இன்னொன்றும் உண்டு. பருவ வளர்ச்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வயதில் வருவதில்லை. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதளவில் உயரம் கிடுகிடுவென ஏறும். சிலருக்குப் பன்னிரண்டிலேயே தொடங்கிவிடும், சிலருக்குப் பதினைந்து தாண்டும். பதின்மூன்று வயது முகாமில் மீசை அரும்பிய பையனும் குரல்கூட உடையாத பையனும் அருகருகே நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். றக்பியில் இது அப்பட்டமாகத் தெரியும். கண்டி றக்பி ஊர். திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடந்துவரும் பிராட்பி கேடயப் போட்டி வரும் வாரத்தில் நகரமே வேறு முகம் காட்டும். அந்த ஆசையில் வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் நிறை கூடியவனே முன்வரிசைக்குத் தெரிவாகிறான். பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது நிறையை மட்டும் நம்பி வந்தவனுக்குக் கைவசம் வேறொன்றும் இருக்காது.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் மலைநாட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத் துறையை மட்டும் எடுத்தால் அது ஏறத்தாழ 32 வீதம். அந்த ஆய்வில் அளக்கப்பட்ட குழந்தைகள்தான் இப்போது முகாம்களுக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். உயரத்தை முதல் சல்லடையாக வைத்துச் சலிக்கும் முகாமில் கலஹா, தெல்தோட்டை, மடுல்கலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? யாரும் பாகுபாடு காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அளவுநாடா அந்த வேலையைத் தானாகச் செய்துவிடும்.

உயரமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வலைப்பந்தில் அது விளையாட்டின் பாதி. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குல உயரத்தோடு வளையத்தின் கீழ் நின்று ஆசியக் கிண்ணங்களை வென்றுகொடுத்ததை உலகமே பார்த்தது. ஆனால் சுழற்பந்து வீசவும், விக்கெட் காக்கவும், ஹொக்கியில் நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுக்கவும் உயரம் எதற்கு? எந்த இடத்துக்கு எந்த அளவு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தாளை நிரப்புவதுதான் தொல்லை.

இந்த இடத்தில் முத்தையா முரளிதரனைப் பேசாமல் கண்டியில் எந்தத் தேர்வைப் பற்றியும் எழுத முடியாது. அவருடைய அரசியல் பேச்சுகள்மீது இந்தத் தளத்தின் வாசகர்கள் பலருக்குள்ள கசப்பு எனக்குத் தெரியும். அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து 2020இல் விஜய் சேதுபதி விலகியபோது நடந்த வாதங்களும் நினைவிருக்கிறது. அந்தக் கணக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது பதினான்கு வயது முரளிதரன். ஒரு பிள்ளையைச் சரியாக அளப்பது எப்படி என்பதற்குக் கண்டி வைத்திருக்கும் மிகச்சிறந்த உதாரணம் அவர்தான்.

1972 ஏப்ரல் 17இல் பிறந்தவர். பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பன் சின்னசாமி முத்தையா பிஸ்கட் உற்பத்தியில் முன்னேறியவர். மலையகத் தமிழரைத் துரத்திய வன்முறை அந்தக் குடும்பத்தையும் விடவில்லை. தான் சிறுவனாக இருந்தபோது தகப்பன் வெட்டுக்காயம் பட்டதை 2020இல் வெளியிட்ட அறிக்கையில் முரளிதரனே எழுதியிருந்தார். ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் தொடங்கியது மிதவேகப் பந்துவீச்சாளராக. பதினான்கு வயதில் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரை ஓஃப் ஸ்பின் வீசிப் பார்க்கச் சொன்னார். மிதவேகத்துக்கு உடல் போதாத பையனை அணியிலிருந்து நீக்குவது இலகுவான வேலை. அவனுக்குப் பொருந்தும் வேறு வேலையைத் தேடிக் கொடுத்ததுதான் அங்கே நடந்தது. 1990–91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, அந்த வருடத்தின் சிறந்த பாடசாலை வீரருக்கான பாட்டா விருதைப் பெற்றார்.

இப்போது அந்தப் பதினான்கு வயதுப் பையனை நம் முகாமொன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். உயரம் சாதாரணம். வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. ஓஃப் ஸ்பின்னை விரலால் சுழற்ற வேண்டும் என்பது பாடம். இவனோ மணிக்கட்டால் சுழற்றுகிறான். ‘கை நேராக இருக்கிறதா’, ‘பிடி சரியா’ என்ற இரண்டு கட்டங்களிலும் பிழைக்குறி விழுந்திருக்கும். தாளின் அடியில் ‘அடிப்படை பிழை, திருத்த வேண்டும்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். திருத்தியிருந்தால் உலகம் 800 டெஸ்ட் விக்கெட்டுகளைப் பார்த்திராது.

அதற்குப் பிறகும் அவரை அளந்தவர்கள் தடுமாறினார்கள். 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து போனார். ஐந்து ஆட்டங்கள், ஒரு விக்கெட்கூட இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தையே கடைசித் தேர்வாக எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாடு திரும்பியபின் அலன் போடரின் அவுஸ்திரேலிய அணிக்கெதிரான பயிற்சி ஆட்டத்தில் நன்றாக வீசினார். 1992 ஆகஸ்ட் 28இல் கொழும்பு கெத்தாராமையில் டெஸ்ட் அறிமுகம். 141 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட். அதிலும் பெரிய ஆரவாரம் ஒன்றுமில்லை. 1995இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார், எறிபந்து என்று ஏழு தடவை ‘நோ போல்’ சொன்னார். அடுத்த வருடம் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கமராக்களை வைத்துக் கையை அளந்தார்கள். வெறுங்கண்ணுக்கு எறிவதுபோலத் தெரிந்தது உண்மையில் பிறவி வளைவு என்று கண்டார்கள். பிறகு மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, நேராகத் தெரிந்த கைகளும் கொஞ்சம் மடங்கி நிமிர்வது தெரியவந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று பொது எல்லை வைத்தார்கள். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பைக் கருவியால் சரிபார்க்க கிரிக்கெட் உலகத்துக்குப் பத்து வருடம் பிடித்தது. 2007 டிசம்பர் 3இல் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, ஷேன் வோனின் 708 என்ற எண்ணைத் தாண்டினார். படித்த பாடசாலைக்கும் அந்த மைதானத்துக்கும் இடையே சில கிலோமீற்றர்தான்.

இந்தக் கதையில் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. முரளிதரனுக்கு மைதானமும் புல்தரை ஆடுகளமும் நான்கு வருடம் பொறுமையாகப் பார்த்த ஒரு பயிற்றுநரும் இருந்தார்கள். அதே கை, அதே மணிக்கட்டு, லயத்திலிருந்து நேராக ஒரு மூன்று நாள் முகாமுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடுவது சரிவான நிலத்தில், டெனிஸ் பந்தில். அடித்த பந்து தேயிலைக்குள் உருண்டால் தேடிப் பிடிக்க அரை மணி. ஆகவே உயர்த்தி அடிக்காமல் தட்டித் தட்டி ஆடப் பழகுவார்கள். வலையில் நிற்கும் பயிற்றுநர் அதை ‘பயந்து ஆடுகிறான்’ என்று எழுதிக்கொள்வார். தோல் பந்தைப் பல பிள்ளைகள் முதன்முதலில் கையில் எடுப்பதே முகாமில்தான். டெனிஸ் பந்தைவிட அது ஏறத்தாழ மூன்று மடங்கு நிறை. முதல் ஆறு பந்தும் எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன் கலஹா பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த பையன் அப்படித்தான். முதல் நாள் வீசிய ஆறில் நான்கு பந்துகள் பாதி ஆடுகளத்திலேயே குத்தின. என்னோடு நின்றவர்கள் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டார்கள். வரிசையின் கடைசிக்குப் போனவன் சும்மா நிற்கவில்லை. பக்கத்து வலையில் ஒரு மூத்த பையன் பந்தை எப்படிப் பிடிக்கிறான் என்று எட்டி எட்டிப் பார்த்தபடி, கையில் ஒரு கல்லை வைத்து விரல்களை மாற்றிக்கொண்டிருந்தான். நான் அதைக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அவனாகவே வந்து, “சேர், தையல் மேல விரல் வைக்கணுமா, பக்கத்துலயா?” என்று கேட்டான். மூன்றாம் நாள் பன்னிரண்டு பந்தில் எட்டு சரியான இடத்தில் விழுந்தன. மற்றப் பிள்ளைகள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்; சிலர் களைத்துப் பின்னேயும் போனார்கள். பட்டியலில் அவனைச் சேர்க்கப் பேசிப் பேசி ஒரு மாலை போயிற்று. கடைசியில் மேலதிகப் பெயராகச் சேர்த்தார்கள். அவன் பெரிய வீரனாகவில்லை. பாடசாலையின் முதல் பதினொருவரில் மூன்று வருடம் ஆடினான், இன்று கம்பளையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். முகாமின் தாள் அவனுக்குச் சொன்ன எதிர்காலத்தைவிட அது நல்ல எதிர்காலம்.

அதனால் நான் பார்ப்பது எவ்வளவு வீசுகிறான் என்பதைவிட, முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தான் என்பதைத்தான். முதல் நாளே ஒரு புதிய விடயத்தைச் சொல்லிக் கொடுத்து, திருப்பித் திருப்பி நினைவூட்டாமல் விட்டுவிட வேண்டும். மூன்றாம் நாள் அது பிள்ளையிடம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டமிழந்து வரும்போது மட்டையைத் தரையில் அடிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சிறு பிள்ளைகள் கோபப்படத்தான் செய்வார்கள். அடுத்த முறை அதே பந்துக்கு என்ன செய்கிறான் என்பதே எனக்கு வேண்டும். பந்து தன் பக்கம் வராத நேரத்தில் எங்கே பார்க்கிறான் என்பதும் நிறையச் சொல்லும். ஹொக்கியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: நல்ல பிள்ளை பந்து வரும் முன்னரே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருக்கும். இதற்கெல்லாம் கருவி தேவையில்லை. ஆனால் எண்பது பேரை நான்கு பேர் பார்த்தால் இது நடக்காது. இருபது பேரைக் கூட்டி மூன்று நாள் பார்ப்பது எண்பது பேரைக் கூட்டி நோட்டம் விடுவதைவிட மேல்.

ஒரே விளையாட்டைச் சிறுவயதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். குமார் சங்கக்கார திரித்துவக் கல்லூரியில் கிரிக்கெட்டோடு டெனிஸ், பட்மின்டன், நீச்சல், மேசைப்பந்து எல்லாம் ஆடியவர். கிரிக்கெட்டில் மட்டும் கவனத்தைத் திருப்பச் சொல்லுங்கள் என்று அப்போதைய அதிபர் அவரது தாயாருக்கு ஆலோசனை கூறியது பிறகுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ‘நீ இனி விக்கெட் காப்பாளன்’ என்று முத்திரை குத்தும் முகாமிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இனி, தாளில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாத தடைகள். முதலாவது மொழி. கண்டிப் பகுதியின் பெரும்பாலான முகாம்களில் அறிவுறுத்தல் சிங்களத்தில்தான் நடக்கும். அது இயல்புதான், பயிற்றுநர்களில் பலர் நல்ல மனிதர்கள், தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ‘கூம்பைச் சுற்றி இடப்பக்கமாகத் திரும்பு’ என்பதை மற்றவர்களைப் பார்த்து அரைச் செக்கன் தாமதமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை, அந்த அரைச் செக்கனை எதிர்வினை வேகத்தில் இழக்கிறது. ஒரு முகாமில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் பெயருக்கு நேரே ‘சொல்வதைக் கேட்பதில்லை’ என்று எழுதியிருந்ததை வாசித்தேன். அவளைக் கூப்பிட்டுத் தமிழில் ஒரு தடவை விளக்கினேன். அடுத்த சுற்றில் எல்லோரையும்விட வேகமாக முடித்தாள். அந்தக் குறிப்பு அழிக்கப்படவில்லை. கீழே இன்னொரு குறிப்புச் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது காசு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021இல்தான். பிள்ளையை முகாமுக்குக் கூட்டி வரும் தாய் அன்றைய பெயரை விட்டுவிட்டு வருகிறாள். பஸ் காசு, சாப்பாடு, மூன்று நாளென்றால் தங்க இடம். பெரஹரா நாட்களில் மாலையில் நகர வீதிகள் மூடப்பட்டால் கடைசி பஸ்ஸும் தவறிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிடும் பிள்ளையை ‘ஈடுபாடு குறைவு’ என்று எழுதுபவர்கள் அந்த பஸ்ஸைப் பார்த்ததில்லை.

மூன்றாவது பத்திரம். வயதுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பிறகு கண்டி, மாத்தளை, நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். இறுதிப் போரில் அவர்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தார்கள் என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் பத்திரங்கள் போயின. அவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று உறவினர் வீட்டில் தங்கிக் கண்டியில் படிக்கிறார்கள். தாயின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருக்கும். தோட்டத்தில் பதிந்த பெயர் சிங்கள எழுத்தில் மாறியிருக்கும். விளையாட்டில் வயது ஏமாற்று நடப்பது உண்மைதான் என்பதால் அதிகாரிகள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிறப்பு பதியப்பட்ட பிரதேசத்தின் பிரதேச செயலகத்தில் சான்றிதழ்ப் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பிழை திருத்தத்துக்கு மாதங்கள் பிடிக்கும். முகாம் அறிவித்தல் வந்தபின் ஓடாமல், பிள்ளை மட்டையைத் தூக்கிய அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள். பாடசாலை அதிபரின் கடிதமும் கையில் இருக்கட்டும். பாடசாலைப் போட்டிகளுக்கான பதிவு பாடசாலை ஊடாகத்தான் நடக்கும்.

வடக்கிலிருந்து முகாமுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். முதல் விக்கெட் அஞ்செலோ மத்தியூஸ். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடினார். பிறந்து வளர்ந்து விளையாடியது யாழ்ப்பாணத்தில். பிள்ளையைக் கண்டியிலோ கொழும்பிலோ விடுதியில் விட்டால்தான் வழி பிறக்கும் என்ற எண்ணம் முன்பு போல இன்று சரியில்லை. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் பிரிவது, ஏற்கெனவே பலதைப் பிரிந்த குடும்பத்தின் பிள்ளைக்குச் சின்ன விலை அல்ல. பதினைந்து வரை ஊரில் ஆடட்டும் என்பதே நான் சொல்லும் யோசனை.

அனுப்புவதென்று முடிவெடுத்தால் முகாம் நடத்துபவர்களிடம் சிலதைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பயிற்றுநர்கள்? தமிழ் விளங்கும் ஒருவராவது இருப்பாரா? பிள்ளைகளைத் தங்க வைப்பதென்றால் இரவில் பொறுப்பு யார், பெண்பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் உண்டா? தெரிவாகாத பிள்ளைக்கும் எழுத்தில் குறிப்புக் கொடுப்பார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கேட்கும் பெற்றோர் கூடக் கூடக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பில் ‘உயரம் போதாது’, ‘உடல்வலு போதாது’ என்று மட்டும் இருந்தால், பிள்ளையின் பிறந்த மாதத்தையும் அவர்கள் வைத்த வெட்டுத் திகதியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ‘இடது காலை முன்னே வைக்கத் தயங்குகிறான்’, ‘பந்தை விடும் நேரம் முந்துகிறது’ என்பதுபோல் ஏதாவது இருந்தால் அந்த முகாமுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய தோல் பந்து ஒன்றை எங்கேயாவது கேட்டு வாங்கிக் கொடுத்து, டிசம்பர் விடுமுறை வரை ஆட விடுங்கள். டிசம்பரிலும் முகாம் வைப்பார்கள்.